வண்டலூர் முதல் மறைமலை நகர் வரை: ஒரு டை ராட் எண்டின் கதை

திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் தேர் வீதி மூலைக்கு வந்ததும் வடம் பிடித்த கூட்டம் சற்று நிற்கும். அதற்குமேல் வேலை, சக்கரத்தின் ஓரம் கட்டையோடு குனிந்து நிற்கும் சிலருடையது. கோயில் தேரின் அச்சு அடிச்சட்டத்தோடு இறுகிக் கிடப்பது. அதனால் தானாகத் திரும்ப முடியாது. எந்தச் சக்கரம் முன்னே போக வேண்டும், எது நின்று நழுவ வேண்டும் என்று கண்ணால் அளந்து, முட்டுக்கட்டையைச் சாய்த்துக் கொடுப்பார்கள். வடம் இழுபடும். சக்கரம் கட்டையில் ஏறிச் சறுக்கும். தேர் கொஞ்சம் திரும்பும். மறுபடி கட்டை, மறுபடி வடம். ஒரு மூலையைக் கடக்க ஊரே காத்திருக்கும். கட்டை போடுகிறவர்களின் கைக்கணக்கு தலைமுறை தலைமுறையாக வந்தது. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் நடுவழி ஊர் திருக்கழுக்குன்றம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் டாக்ஸிகள் அந்த வீதிகளின் பக்கமாகத்தான் திரும்புகின்றன. டிரைவர் ஒரு கையால் வளைக்க, ஒன்றரை டன் வண்டி சொன்னபடி கேட்கிறது. தேரால் முடியாததைக் காருக்குச் சாத்தியமாக்கியது, முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே திரும்பும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இரும்பு மூட்டு. பட்டறையில் அதன் பெயர் டை ராட் எண்ட்.

ஏற்பாட்டை முதலில் யோசித்தவர் ம்யூனிக் நகரத்துக் கோச்சு வண்டித் தச்சர் கியார்க் லாங்கென்ஷ்பெர்கர். அவருக்காக இங்கிலாந்தில் 1818-இல் காப்புரிமை வாங்கியவர் லண்டனில் படங்களும் புத்தகங்களும் பதிப்பித்து வந்த ருடால்ஃப் ஆக்கர்மன். பெயர் ஆக்கர்மனுக்கே போய்விட்டது. இன்றும் பொறியியல் வகுப்புகளில் 'ஆக்கர்மன் ஸ்டியரிங்' என்றுதான் சொல்லித் தருகிறார்கள். வண்டி வளையும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகிறது. ஆகவே உள்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பியாக வேண்டும். இரண்டையும் கம்பியால் பிணைத்து, அந்தக் கோண வித்தியாசம் தானாக வரும்படி அமைத்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பு. குதிரை வண்டிக்காக வந்த யோசனை. அதன் முழுப் பலனையும் அனுபவித்தது கார்.

சக்கரம் பக்கவாட்டில் திரும்பினால் மட்டும் போதாது, பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறவும் வேண்டும். அதனால் பிணைக்கும் கம்பியின் முனை எல்லாத் திசையிலும் அசைய வேண்டியிருக்கிறது. நம் தோள்மூட்டு செய்கிற வேலைதான் அது: கிண்ணத்துக்குள் ஒரு உருண்டை, சுற்றிலும் கிரீஸ், மேலே மூடிய ரப்பர் பூட். பூட் கிழிந்தால் மண்ணும் நீரும் உள்ளே போகும். கிரீஸ் காயும். உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் இடையே மெல்லிய இடைவெளி விழும். ஸ்டியரிங்கைச் சற்று அசைத்தாலும் சக்கரம் அசையாத அந்த நிலையை மெக்கானிக்குகள் 'பிளே' என்பார்கள், 'ஆட்டம்' என்பார்கள். வேகம் கூடும்போது வண்டி அலையும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். கவனிக்காமல் விட்டு மூட்டு கழன்றே போனால், ஒரு சக்கரம் டிரைவரை விட்டுத் தன் போக்கில் திரும்பிவிடும்.

சென்னை மாகாணத்தின் முதல் கார்களுக்கு இந்த மூட்டெல்லாம் கப்பலில்தான் வந்தது. சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார் என்றாலும் அதன் பிறகு வெகுகாலத்துக்கு இங்கே நடந்தது இறக்குமதியும் கோர்ப்பு வேலையும்தான். ஃபோர்டு 1926-இலேயே இந்தியாவுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய அரசு, உதிரி பாகங்களைக் கொண்டுவந்து கோர்த்து விற்பதோடு நிற்காமல் இங்கேயே செய்யத் தயாராக இருப்பவர்கள்தான் இருக்கலாம் என்று கொள்கை வகுத்தது. 1954-இல் ஃபோர்டு கடையை மூடிக்கொண்டு போனது. அந்தப் பெயர் திரும்பி வந்த இடம் இதே செங்கல்பட்டு வட்டாரம் என்பதால் இந்த முதல் விடைபெறலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இருந்து செய்யத் துணிந்த நிறுவனங்களில் ஒன்று 1948-இல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வண்டலூரில் ஆலை. வேன்கார்டு, எய்ட், டென் என்று இங்கிலாந்து ஸ்டாண்டர்டின் வண்டிகளைச் செய்துவிட்டு, 1961-இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்ட். வரைந்தவர் இத்தாலியர் ஜியோவான்னி மிகெலோட்டி. இந்தியாவில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆனது. இன்றைய மாவட்ட எல்லைப்படி பார்த்தால், ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே, சென்னை மூர் மார்க்கெட் அருகே இருந்த உயிரியல் பூங்காவின் விலங்குகள் 1980-களில் வண்டலூருக்குக் குடிவருவதற்கு வெகு முன்பே, முழுக் கார் பிறந்துகொண்டிருந்தது. வண்டலூர் என்றால் மிருகக்காட்சி சாலை என்று மட்டும் அறிந்த தலைமுறைக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹெரால்டின் பெருமை அதன் ஸ்டியரிங். ரேக் அண்ட் பினியன் அமைப்பு. அதாவது ஸ்டியரிங் தண்டின் நுனியில் ஒரு சிறு பற்சக்கரம், அது குறுக்கே கிடக்கும் பற்கம்பியை இடம் வலமாகத் தள்ளும், கம்பியின் இரு முனையிலும் டை ராட் எண்ட். அந்தக் காலத்து ஃபியட் 1100 ஸ்டியரிங் பெட்டியும் பல கம்பிகளும் கொண்டு திரும்பியது. கம்பிகள் கூடக் கூட மூட்டுகளும் கூடும், மூட்டுகள் கூடினால் ஆட்டமும் கூடும். ஹெரால்டுக்கு மூட்டு குறைவு. சக்கரங்கள் அசாதாரணக் கோணத்துக்குத் திரும்பின. 25 அடி விட்டத்துக்குள் முழுவட்டம் அடித்துவிடும். அந்தக் காலத்து எந்தக் குடும்பக் காரும் அதன் பக்கத்தில் வர முடியாது. குறுகிய தெருவில் ரிவர்ஸ் எடுக்காமல் திருப்பி நிறுத்தும் ஹெரால்டைப் பார்த்தவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

இரண்டாவது பெருமை பானெட். மற்ற கார்களில் எஞ்சினுக்கு மேலுள்ள மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த முன்பாகம் முழுவதும் முன்னால் கவிழ்ந்துவிடும். எஞ்சினும் ரேக்கும் இரு முன்சக்கரங்களின் பின்னாலுள்ள மூட்டுகளும் வெட்டவெளியில் நிற்கும். குழி வெட்டத் தேவையில்லை, படுத்துக்கொண்டு கீழே நுழையத் தேவையில்லை. முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். காரைச் சொந்தக்காரரே வீட்டு வாசலில் பழுது பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிடத் தோதான வண்டி இந்தியாவில் செய்யப்பட்டதில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஹெரால்டுக்கு ஒரு பலவீனமும் உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் மேல்நுனியில் பந்துமூட்டு. கீழ்நுனியிலோ மரை வெட்டிய தண்டு, வெண்கல மூட்டு ஒன்றுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் டிரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழலும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடு சொல்லியது. நம் பட்டறைகளில் கைக்கு எட்டும் கிரீஸ் கன்னை எடுத்துப் பொதுவாக எல்லா நிப்பிளுக்கும் அடிப்பது வழக்கம். கிரீஸ் மரையின் அடிவரைக்கும் சரியாக இறங்காது. தண்ணீர் நுழைந்து எஃகுத் தண்டு துருப்பிடித்து, ஒருநாள் சடாரென்று முறியும். சக்கரம் உள்ளே மடிந்துவிடும். கையேட்டைப் படித்துச் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் விட்டவர்களின் வண்டிகள் பல ஆண்டுகள் ஓடின. கார் ஓட்டத் தெரிவது ஒன்று, காரைப் புரிந்து வைத்திருப்பது இன்னொன்று என்பதை அந்த ஒரு டப்பா கியர் ஆயில் பிரித்துக் காட்டியது.

இறக்குமதிக்குப் பூட்டுப் போட்டிருந்த காலம் அது. டை ராட் எண்ட் தேய்ந்தால் புதியது எங்கே கிடைக்கும்? சென்னையில் ரானே நிறுவனம் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. டி.ஆர். கணபதி ஐயர் 1929-இல் கார், உதிரி பாக வியாபாரமாகத் தொடங்கிய ரானே (மெட்ராஸ்), 1960 வாக்கில் வேளச்சேரியில் டை ராட் எண்டுகளையும் ஸ்டியரிங் கம்பிகளையும் உற்பத்தி செய்ய இறங்கியது. விற்பவர் செய்பவராக மாறிய கதை இது. தமிழ்நாட்டு மோட்டார் தொழிலின் பல வீடுகளில் இதே திருப்பம் நடந்திருக்கிறது. கார் கம்பெனிகள் தலைப்புச் செய்தியில் வந்தபோது, இந்த மூட்டுகள் அட்டைப் பெட்டியில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளுக்குப் போய், அங்கிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று பஸ்ஸிலும் லாரியிலும் ஏறின.

கடையில் கிடைக்காததை லேத் பட்டறை செய்தது. லாரி, ஜீப் முன்னச்சின் கிங் பின் தேய்ந்தால் புதுப் பின் கடைந்து, வெண்கல புஷ் அடித்து ரீமர் விட்டுப் பொருத்தினார்கள். தேய்ந்த மூட்டைத் திறந்து, உள்ளே கிண்ணத்தை மாற்றி, ஸ்பிரிங்கை இறுக்கி மறுபடி மூடினார்கள். உழைப்பு மலிவு, பொருள் அரிது என்ற காலத்தின் கைத்திறன் அது. மரியாதைக்குரியதுதான்; ஆனால் ஸ்டியரிங் விஷயத்தில் அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். வெல்டிங் வைத்து ஒப்பேற்றிய பந்துமூட்டு எப்போது விடும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது. புதியது கிடைக்கும் இன்றைய நாளில் பழையதைத் தட்டிக்கொட்டி மாட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வண்டலூர் ஆலையின் முடிவு சோகமானது. ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல் 1977-இல் நின்றது. கார் உற்பத்தியே சில ஆண்டுகள் இல்லை. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் வந்தது. வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, உள்ளே பழைய வேன்கார்டு பரம்பரை எஞ்சின். விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். 1983 டிசம்பரில் டெல்லிக்கு வெளியே குர்காவுனில் பிறந்த மாருதி 800 அதற்குள் நாட்டின் கணக்கையே மாற்றிவிட்டது. 1988-இல் வண்டலூர் ஆலை மூடப்பட்டது. 2006-இல் சொத்துகள் விலைபோயின.

மாருதி, பழுது பார்க்கும் வழக்கத்தையும் மாற்றியது. அதன் டை ராட் எண்ட்டுக்கு கிரீஸ் நிப்பிள் கிடையாது; தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடி அனுப்பிவிடுவார்கள். திறக்க வேண்டியதில்லை, திறக்கவும் முடியாது. தேய்ந்தால் கழற்றி எறிந்து புதியது மாட்டு. 'ரிப்பேர்' போய் 'ரீப்ளேஸ்' வந்தது என்று பழைய மெக்கானிக்குகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். உண்மையில் இந்த மாற்றம் வீட்டில் வேலை பார்ப்பவருக்கு ஒரு கதவைத் திறந்தது. லேத்தும் ரீமரும் இல்லாதவரும் நாலு ஸ்பேனரோடு ஸ்டியரிங் மூட்டை மாற்றிவிடலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

அந்த வேலையின் ஒவ்வொரு படியிலும் பழைய வழக்கமும் புதிய வழக்கமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும்; மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பந்துமூட்டோ பேரிங்கோ தன்னைக் காட்டிக் கொடுக்கும். சக்கரத்தைக் கழற்றி, ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, கோட்டை வடிவ நட்டைத் தளர்த்திய பிறகுதான் உண்மையான வேலை. மூட்டின் கூம்புத் தண்டு ஸ்டியரிங் கையின் துளையில் இறுகிக் கிடக்கும். ஜி.எஸ்.டி. சாலைப் பட்டறைகளில் இதற்கு இரண்டு சுத்தியல் போதும்: ஒன்றைத் துளைக்கு ஒரு பக்கம் அணைத்துப் பிடித்து, மற்றதால் எதிர்ப்பக்கம் ஓங்கி அடித்தால் துளை ஒரு கணம் நெளிந்து கூம்பு பட்டென்று விடும். தண்டின் நுனியிலேயே அடித்தால் மரை நசுங்கும். அதைப் பையனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். இப்போது புல்லர் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டில் செய்பவருக்குப் புல்லர்தான் நல்லது.

பழைய மூட்டைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். புதியதை அதே எண்ணிக்கைக்குத் திருக வேண்டும். சிலர் மரையில் பெயின்ட் தடவி அடையாளம் வைப்பார்கள். சக்கரங்கள் ஒன்றையொன்று பார்க்கும் கோணம் அந்த மரையில்தான் அடங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் அலைன்மென்ட் வருவதற்கு முன்பு பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை நூல் இழுத்துக் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து சரிசெய்தார்கள். கைதேர்ந்தவர் நூலிலேயே ஓரிரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்துவிடுவார். வீட்டில் மாற்றியவர் நூல் பிடித்துச் சரிபார்த்துவிட்டு, மெதுவாக ஓட்டிப்போய் அலைன்மென்ட் கடையில் முடித்துக்கொள்வதே முறை. ஸ்ப்ளிட் பின் மட்டும் எப்போதும் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுகிறவரிடம் வண்டியை விடக் கூடாது.

கடற்கரைப் பக்கம் இந்த வேலை சீக்கிரமே வந்து சேரும். கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம், கல்பாக்கம் என்று உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் நிற்கும் வண்டிகளின் லாக் நட், டை ராட்டோடு ஒன்றாகிவிட்டதோ என்று தோன்றும் அளவுக்குத் துருப்பிடித்திருக்கும். முந்தின நாள் இரவே துரு எண்ணெய் ஊற்றி ஊறவிட்டால்தான் மறுநாள் ஸ்பேனர் பேசும். கிழக்குக் கடற்கரைச் சாலை 2000-களின் தொடக்கத்தில் சீராக்கப்பட்டு வேகச் சாலையான பிறகு, முன்பு மெதுவாகப் போனதால் வெளியே தெரியாத ஆட்டமெல்லாம் தெரிய ஆரம்பித்தது. நாற்பதில் சும்மா இருக்கும் தேய்ந்த மூட்டு எண்பதில் ஸ்டியரிங்கையே நடுங்க வைக்கும்.

இதற்கிடையே ஜி.எஸ்.டி. சாலைக்குக் கார் மறுபடியும் வந்திருந்தது. மஹிந்திராவோடு கூட்டாக 1995-இல் திரும்பிய ஃபோர்டு, மறைமலை நகரில் ஆலை கட்டி 1999-இல் ஐகானை வெளியிட்டது. பிறகு ஃபியஸ்டா, ஃபிகோ, ஈகோஸ்போர்ட். மறைமலை நகர் ஈகோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. அதே 1995-இல் ரானேயும் ஜப்பானின் என்.எஸ்.கே.யும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், அடுத்துள்ள கூடுவாஞ்சேரியில் ஸ்டியரிங் தண்டுகளைச் செய்தது. மோதினால் டிரைவரின் நெஞ்சைக் குத்தாமல் உள்ளே மடங்கும் தண்டுகள் அவை. வண்டலூரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்துக்குள் ஸ்டியரிங் தொழில் இப்படி மீண்டும் வேர் பிடித்தது.

2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரின் கடைசிக் கார் வெளியே வந்தது. ஒரே நெடுஞ்சாலையில் இரண்டாவது கார் ஆலை ஓய்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக 2024 செப்டம்பரில் அந்நிறுவனம் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது தனிக் கதை. ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான ஃபோர்டுகளின் சொந்தக்காரர்களுக்கோ உடனடிக் கேள்வி ஒன்றுதான்: ஸ்பேர் கிடைக்குமா? சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று நிறுவனம் சொல்லியது. அதற்கு அப்பாலும், டை ராட் எண்ட் போன்ற தேயும் உறுப்புகளைத் தனியாகச் செய்து விற்கும் தொழில் நாட்டில் வேரூன்றிவிட்டது. ஹெரால்ட் போன பிறகும் ஹெரால்டை ஓட வைத்தது இந்தத் தொழில்தான். ஃபிகோவையும் அதுதான் ஓட வைக்கும். கார் கம்பெனிகளைவிட நீண்ட ஆயுள் அவற்றின் மூட்டுகளைச் செய்தவர்களுக்கு வாய்த்திருக்கிறது என்பது இந்தச் சாலையின் வரலாறு காட்டும் உண்மை.

இன்றைய காரின் ஸ்டியரிங்கில் மின்மோட்டாரும் சென்சாரும் இருக்கின்றன. தண்டின் தலையில் ஏர்பேக் இருக்கிறது. அவற்றில் வீட்டில் கை வைக்கக் கூடாது. ஆனால் சக்கரத்தருகே தொங்கும் அந்த மூட்டு, 1961-இல் வண்டலூரில் பொருத்தியதிலிருந்து பெரிதாக மாறவில்லை. பழைய ஹெரால்ட்காரர் இன்று ஒரு ஃபிகோவின் அருகே உட்கார்ந்தால், அவருடைய கை எங்கே போக வேண்டும் என்று அதற்கே தெரியும்.

ஹெரால்டின் முதல் வரிசையில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று எண்பது கடந்திருக்கும். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், செங்கல்பட்டு வீடுகளில் அவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இருப்பார்கள். பரணில் எண்ணெய்க் கறை படிந்த சர்வீஸ் கையேடும், ஆலை அடையாள அட்டையும், ஒரு பழைய புல்லரும் கிடக்கலாம். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன், வீட்டுப் பெரியவரை உட்கார வைத்து அந்த ஆலையில் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.